அலுமினியம் ஒன்று, எண் இரண்டு

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்காக சைக்கிள் ஃப்ரேம் செய்கிறேன். 6061 அலுமினியத்தின் வலிமை ஓரிடத்தில் 55 மெகாபாஸ்கல், இன்னோரிடத்தில் 276. யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையுமே நம்பலாம். 6061 என்பது குடும்பப் பெயர்தான். சமாசாரம் வாலில் இருக்கிறது. 'ஓ' என்று முடிந்தால் சூடாக்கி மெல்ல ஆறவிட்டது, 55-லேயே வளைந்து கொடுத்துவிடும். 'டி6' என்றால் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் முக்கி, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்தியது. அதுதான் 276. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் டி6 குழாயை வெல்டிங் வைத்தால் ஒட்டுக்குப் பக்கத்தில் பதம் போய்விடும். ஃப்ரேம் முறியும்போது பெரும்பாலும் அங்கேதான் முறியும்.

இன்னொரு வேடிக்கை. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், விறைப்பு 200 கிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு 2.7, 70. விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க்! டைட்டானியமும் மக்னீசியமும்கூட அதே பெஞ்சுதான். அதே எடையில் குழாயைப் பருமனாகச் செய்ய முடிகிறதே, அதுதான் அலுமினியத்தின் சாமர்த்தியம்.

கார்பன் ஃபைபர் பக்கம் போனால் உஷார். விளம்பரத்தில் வருவது நார் ஓடும் திசையில் எடுத்த எண். குறுக்கே இழுத்தால் என்ன ஆகும் என்பதைக் கல்யாணத் தரகர் மாதிரி விழுங்கிவிடுவார்கள்.

கையேடு, இணையம் எல்லாம் தேர்வு செய்வதற்கு. வாங்கும்போது அந்தச் சரக்கின் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். நான் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, அலுமினியம்தான் சார்" என்றார்.