பைலைக் கட்டினனியோ, பெட்டையைக் கட்டினனியோ?

என்ன தம்பி, விடிஞ்சதும் விடியாததுமாய் போனைத் தடவிக்கொண்டு வாறாய்? பல்லு மினுக்கினனியோ? இல்லை. தேத்தண்ணி குடிச்சனியோ? இல்லை. ஆனால் இமிகிரேசன் போட்டலைத் திறந்து பாத்திட்டாய். என்ன போட்டுக் கிடக்குது? நேற்றுக் கிடந்ததுதான். நாளைக்கும் அதுதான் கிடக்கும். பனங்கிழங்குப் பாத்தியை ஒவ்வொரு நாளும் கிண்டிப் பாக்கிறவனை ஊரிலை என்ன சொல்லிக் கூப்பிடுவினம் எண்டு கொப்பரைக் கேள். நீ பாத்தியே கண்டிருக்கமாட்டாய்.

கோவிக்காதை, இரு. இந்த ஸ்காபரோவிலை கிழடுகளுக்கு உங்களைப் பகிடி பண்ணுறதை விட்டால் வேறை என்ன சோலி?

உன்ரை முறைப்பாடு என்ன? "12 மாதத்திலை வரும் எண்டவை அப்பு, அது தாண்டியிட்டுது." ஆர் சொன்னது? 2016 மார்கழியிலை ஜோன் மக்கலம் எண்ட இமிகிரேசன் மந்திரி சொன்னவர், மெய்தான். அதுக்கு முன்னம் ரெண்டு வரியம் மட்டும் இழுபட்ட சாமான் அது. ஆனால் அந்த 12 மாதத்துக்குப் பக்கத்திலை ஒரு சின்ன எழுத்துக் கிடக்குது, கண்டனியோ? 100 பைலிலை 80க்குத்தான் அந்தக் கணக்கு. அந்த 80க்குள்ளை நான்தான் எண்டு நீயே முடிவு கட்டிப்போட்டாய். அப்ப மிச்சம் 20 ஆற்றை தலையிலை விழுறது? என்ரை தலையிலையோ?

போட்டல் அசையேல்லை எண்டால் பைல் நித்திரை எண்டு நினைக்கிறாய். உள்ளுக்கை நாலு சோலி கிடக்குது மோனை. தகுதி, மெடிக்கல், பொலிஸ் றிப்போட், பாதுகாப்பு. பாதுகாப்புப் பாக்கிறது இமிகிரேசன்காரர் மட்டுமில்லை. தேவைப்பட்டால் எல்லைச் சேவைக்காரர், உளவுச் சேவைக்காரர் எண்டு மற்றவையும் ஒருக்கால் முகர்ந்து பாப்பினம். எங்கடை ஊரிலை முப்பது வரியம் என்ன, சடுகுடுவோ விளையாடினவை? சண்டை நடந்தது. அவன் பாக்கத்தான் செய்வான். பாத்திட்டு விடுவான்.

சரி, உன்ரை கலியாணத்துக்கு வருவம்.

எங்கடை ஆக்கள் ஆயிரம் பொய் சொல்லியெண்டாலும் ஒரு கலியாணத்தைச் செய்து வை எண்டவை. இஞ்சை எல்லாம் தலைகீழ். ஒரு கலியாணத்தைச் செய்துபோட்டு ஆயிரம் மெய்யைக் காட்டு எண்டு கேக்கிறான். நீ என்ன செய்தாய்? கசூரினாக் கடற்கரையிலை ட்ரோன் விட்டனி. பொன்னுருக்கலுக்கு ஒரு கமரா, தாலி கட்டுக்கு நாலு கமரா. நெத்தியை நெத்தியோடை முட்டிக்கொண்டு சூரியன் மறையிறதைப் பாக்கிற மாதிரி ஒரு ஷொட். அந்தப் பிள்ளை கூறைச் சேலையோடை கடல் தண்ணிக்குள்ளை நிண்டது, பாவம். காய்ச்சல் வரேல்லையோ?

அந்த ட்ரோன்காரனுக்குச் சிரிச்சுக்கொண்டு காசை எண்ணிக் குடுத்தனி. இமிகிரேசன் காசைக் கட்டேக்கை மட்டும் முகம் சுண்டிப் போச்சுது. 2024 ஏப்ரல் கடைசியிலை ஏத்தினாப் பிறகு, கைரேகைக் காசை விட்டுப் பாத்தால், 1,205 டொலராய் இருந்தது. நீ அதை ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாய். ட்ரோன் கணக்கை மட்டும் கொம்மாவுக்கும் சொல்லேல்லை.

கடைசியிலை இமிகிரேசன்காரன்ரை பட்டியலைப் பாத்தால் என்ன எழுதிக் கிடக்குது? ஆகக் கூடினது 20 படம். மூவாயிரம் படம் எடுத்தவனுக்கு 20! ராராவாய் இருந்து 20 தெரிஞ்செடுத்தாய். அதிலை ஒண்டிலை தன்னும் கொம்மா நிக்கிறாவோ? மாமனார்? வெத்திலைத் தட்டத்தோடை ஒரு கிழவி? இல்லை. 20 படமும் நீயும் அவளும். சினிமா போஸ்டர் மாதிரி. படத்தைப் பாக்கிற ஒபீசருக்கு நீ வடிவோ இல்லையோ எண்டது தேவையில்லை மோனை. இந்தக் கலியாணத்துக்கு ஆர் வந்தவை, ரெண்டு பக்கத்துச் சனமும் ஒண்டாய் இருந்து சோறு திண்டதோ எண்டுதான் அவனுக்குத் தெரியவேணும். பந்தியிலை வாழையிலைக்கு முன்னாலை கொப்பரும் மாமனாரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கொண்டு இருக்கிற படம் ஒண்டு கிடந்ததே, அதை விட என்ன அத்தாட்சி வேணும்?

நீ நேரிலை போய்த் தாலி கட்டினது நல்லதாய்ப் போச்சுது. மாப்பிளை இஞ்சையும் பொம்பிளை அங்கையுமாய் போனிலை கலியாணம், ஆளுக்குப் பதில் ஆள் வைச்சுக் கலியாணம் எண்டு செய்தால் 2015 யூனுக்குப் பிறகு ஸ்பொன்சருக்குச் செல்லாது. சட்டம் இன்னொண்டும் சொல்லுது. கலியாணம் மெய்யாய் இருக்கவேணும், விசா எடுக்கிறதே முதல் நோக்கமாய் இருக்கவும் கூடாது. 2010இலை திருத்தினாப் பிறகு ரெண்டிலை ஒண்டு பிழைச்சாலும் பைல் போச்சுது.

இதை ஆரோ உன்ரை காதிலை போட்டுவிட்டினம். அண்டைக்குப் பிடிச்சது உனக்குப் பேய்.

முந்தி வட்ஸ்அப்பிலை என்ன எழுதுவாய்? "சாப்பிட்டியோ?" அவள் "ஓம்" எண்டுவாள். "என்ன கறி?" "கத்தரிக்காய்." அவ்வளவுதான். அதுதானடா கலியாணம்! பேந்து ஆரோ சொல்லிச்சினம், வட்ஸ்அப்பும் அத்தாட்சி எண்டு. உடனை நீ என்ன செய்தாய்? இங்கிலிசிலை எழுதத் துவங்கினாய். "என் உயிரினும் மேலான அன்பு மனைவியே" எண்ட கருத்திலை ஒரு பக்கத்துக்கு இங்கிலிசு. சாவகச்சேரியிலை இருக்கிற அந்தப் பிள்ளை பயந்துபோய்க் கொம்மாவுக்குப் போன் எடுத்திருக்குது, "மாமி, இவருக்குச் சுகமில்லையோ, ஆரும் போனைக் களவெடுத்திட்டினமோ?" எண்டு. அதுவும் 10 பக்கத்துக்கு மேலை இமிகிரேசன்காரன் கேக்கேல்லை. உன்ரை கத்தரிக்காய்க் கதையிலையே 10 பக்கம் தேறும்.

பிளாசாவிலை ஒருத்தர் இருக்கிறாராம், "உள்ளுக்கை எனக்கு ஆள் இருக்கு" எண்டு சொல்லுறாராம். நீயும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். உள்ளுக்கை ஆள் இருக்கிறவர் ஏன் பிளாசாவிலை, றொட்டிக் கடைக்கு மேலை, வாடகைக்கு இருக்கிறார்? காசு வாங்கி இந்தச் சோலி பாக்கிறதெண்டால் வக்கீல் மாதிரிச் சட்டப் பதிவு உள்ள ஆளாய் இருக்கவேணும், இல்லாட்டி லைசென்ஸ் உள்ள கொன்சல்ரனாய் இருக்கவேணும். 2021இலை இருந்து கொன்சல்ரன்மாருக்கு எண்டே லைசென்ஸ் குடுக்கிற ஒரு சபை, "கொலிஜ்" எண்டு, கிடக்குது. அவையின்ரை தளத்திலை பேரைத் தட்டினால் லைசென்ஸ் இருக்கோ இல்லையோ எண்டு காட்டும். மூவாயிரம் படம் பாத்தவனுக்கு அந்த ஒரு பேரைத் தட்டிப் பாக்க நேரமில்லை, என்ன?

அஞ்சு டொலர் கட்டி உள்குறிப்பை எடுப்பிச்சதும் தெரியும். அது உன்ரை உரிமை, எடு. ஒருக்கால் எடுத்தால் பைல் எதிலை நிக்குதெண்டு விளங்கும். நீ வாரப் பத்திரிகை மாதிரி எடுக்கிறாய். எடுத்துப்போட்டு, "றிவியூ" எண்ட சொல்லுக்குப் பக்கத்திலை முற்றுப்புள்ளி இல்லையே எண்டு எனக்குக் காட்டுறாய். அங்கை மாமி என்னடாவெண்டால் சாத்திரியிட்டை ஓடுறா. சாத்திரி சனி மாறட்டும் எண்டுறார். நீ எடுக்கிற குறிப்பும் சாத்திரியின்ரை குறிப்பும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். அவர் எண்டாலும் முகத்தைப் பாத்துச் சொல்லுறார்.

பொறுமை எண்டு நான் கதைக்கத் துவங்கினால் நீ மணிக்கூட்டைப் பாப்பாய். பரவாயில்லை, கேள். 1986 ஆவணியிலை நியூபவுண்லாந்துக் கடலிலை எங்கடை சனம் 155 பேர் ரெண்டு உயிர்காப்புப் படகிலை மிதந்துகொண்டு வந்ததுகள். அவைக்கு "உன்ரை பைல் கிடைச்சுது" எண்ட ஏ.ஓ.ஆர். கடிதம் வரேல்லை மோனை. மீன்பிடிகாரர்தான் வந்தவை. பேந்து தொண்ணூறுகளிலை யாழ்ப்பாணத்தாலை வெளிக்கிடுறதெண்டால் கிளாலிக் கடலை இருட்டிலை தாண்டவேணும். கொழும்பிலை லொட்ஜிலை கிடந்து, வெளிநாட்டிலை இருந்து வாற ஒரு போனுக்காகப் படியிலை குந்திக்கொண்டிருந்த பொம்பிளையளை நான் கண்டிருக்கிறன். உன்ரை மனுசியின்ரை முகத்தை நீ நினைச்ச நேரம் பாக்கலாம். பாத்தும் என்னத்தைக் கதைக்கிறாய்?

இதைத்தான் உன்னட்டைக் கேக்கவேணும் எண்டு இருந்தனான். நேற்று அவளோடை என்ன கதைச்சனி? மெடிக்கல். முந்தநாள்? பொலிஸ் றிப்போட். அதுக்கு முதல் நாள்? போட்டலைப் படம் பிடிச்சு அனுப்பினனி. அவளின்ரை தங்கச்சி சோதினை பாஸோ பெயிலோ, தெரியுமோ? பின்வளவிலை கிணறு வத்தினது? மாமனாருக்கு முழங்கால் வீக்கம்? தெரியாது. பைலைக் கட்டினனியோ, பெட்டையைக் கட்டினனியோ?

நீ இஞ்சை வேலைக்குப் போறாய், வாறாய், என்னைக் கண்டால் புலம்புறாய். அவள்? கோயிலுக்குப் போனால் கேக்கினம், "இன்னும் வரேல்லையோ பிள்ளை?" கடைக்குப் போனால் கேக்கினம். கனடா மாப்பிளை எண்டு பந்தல் போட்டு ஊருக்குச் சொல்லிச் செய்த கலியாணம். இப்ப அவள் தாய் வீட்டுக்கும் பாரம், புருசன் வீட்டுக்கும் இல்லை எண்ட மாதிரி நடுவிலை நிக்கிறாள். வேலைக்குப் போகட்டோ எண்டு கேட்டாளாம். நீ என்ன சொன்னனி? "இப்ப விசா வந்திடும், எதுக்கு?" இப்ப எண்டு சொல்லி எத்தினை மாதம்? போகவிடடா. படிக்கட்டும், கார் ஓடப் பழகட்டும். ஸ்பொன்சருக்கு இங்கிலிசுச் சோதினை ஒண்டும் இல்லைத்தான். எண்டாலும் இஞ்சை வந்து கடைக்காரனோடை சண்டை பிடிக்க இங்கிலிசு வேணுமோ இல்லையோ?

காரியமாயும் நாலு சொல்லுறன். மெடிக்கல் 12 மாதம்தான் செல்லும். இழுபட்டால் திரும்பச் செய் எண்டுவான். அதுக்கு ஒப்பாரி வைக்காமல் செய்து விடு. பாஸ்போட் முடியிற திகதியைப் பார். அவளின்ரை பிறப்புச் சாட்சியிலை ஒரு எழுத்து, பாஸ்போட்டிலை வேறை எழுத்து எண்டால் அவன் கேக்கமுதல் நீயே ஒரு கடிதம் எழுதிப் போடு. கடிதம் எண்டால் நாலு வரி. காவியமில்லை. பிள்ளை கிள்ளை உண்டானால் ஒளிக்காமல் உடனை அறிவி. சொல்லாமல் விட்ட பிள்ளையைப் பேந்து கூப்பிட ஏலாமல் மாட்டுப்பட்ட சனம் இருக்குது.

விசிற் விசா போட்டால் பைல் கெட்டுப்போகும் எண்டு ஒரு பெரியவர் சொன்னவராமே? அந்தப் பெரியவர் நானில்லை. நிரந்தரமாய் வர எண்ணமிருந்தாலும் தற்காலிகமாய் வந்து போகக் கேக்கலாம் எண்டு சட்டத்திலையே கிடக்குது. 2023 மே மாதத்திலை, ஸ்பொன்சர் பைல் கிடக்கிற புருசன் பெண்சாதிமாரின்ரை விசிற் விசாவைக் கெதியாய்ப் பாக்கிறம் எண்டும் சொன்னவை. கட்டாயம் தருவினம் எண்டு நான் சொல்லேல்லை. கேட்டுப் பாக்கிறதுக்கு என்ன கேடு? இல்லாட்டி நீ லீவு போட்டுப் போ. போய் ட்ரோன் இல்லாமல் ரெண்டு கிழமை இரு. பஸ்ஸிலை ஒண்டாய்ப் போய் வா. அந்த ரிக்கற்றுத் துண்டும் பைலுக்கு உதவும், நான் சொன்னதுக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டு நிண்டிடாதை.

வருவாள் தம்பி. கனபேர் வந்திட்டினம், இவளும் வருவாள். வந்த நாளிலை இருந்து மூண்டு வரியத்துக்கு அவளின்ரை சாப்பாடு, உடுப்பு, இருக்கிற இடம் எல்லாத்துக்கும் நான் பொறுப்பு எண்டு நீ கையெழுத்து வைச்சனி, ஞாபகம் இருக்குதோ? வாசிக்காமல் வைச்சனி எண்டு எனக்குத் தெரியும். இடையிலை ரெண்டு பேரும் கோவிச்சுக்கொண்டு பிரிஞ்சாலும் அந்தக் கையெழுத்துக் கிடக்கும். ஐயர் கூட உன்னட்டை இவ்வளவு கேக்கேல்லை.

வந்து ஆறு மாதத்திலை அவள் ஒரு நாள் கேப்பாள், "அம்மா அப்பாவைக் கூப்பிடுவமே?" அதுக்கும் ஸ்பொன்சர் எண்டு ஒண்டு வைச்சிருந்தவை. ஆனால் அது சீட்டுக் குலுக்கல் மாதிரித்தான் நடந்தது. 2020இலை பேர் குடுத்தவையின்ரை குவியலுக்குள்ளை இருந்து கிள்ளி எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தவை. இல்லாட்டி சுப்பர் விசா. 2022 யூலையிலை இருந்து அதிலை ஒருக்கால் வந்தால் 5 வரியம் நிக்கலாம். மாமி 5 வரியம் உன்ரை வீட்டிலை. அந்தப் பைல் பிந்தினால் நீ விடியக் காலமை பல்லு மினுக்காமல் என்னட்டை ஓடி வருவாயோ எண்டு பாப்பம்.