மாந்தை மண்ணும் கதிரை உறையும்: ஓர் அடுக்காய்வு

மன்னாரில் திருக்கேதீஸ்வரக் கோயிலைச் சுற்றிய மாந்தை மேட்டை 1980 முதல் 1984 வரை தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் தோண்டினார். சீனத்துக் கிண்ண ஓடும் பாரசீகக் குடாப் பக்கத்து ஓடும் அடுக்கடுக்காக வந்தன. உள்நாட்டுப் போர் வந்து வேலையை நிறுத்தியது. 2009-10இல் மறுபடி தோண்டியபோது மிளகும், கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட கிராம்பும் அகப்பட்டன. எல்லாரும் மண்ணையே தோண்டினார்கள். பக்கத்து வீட்டு விறாந்தையில் கிடக்கும் கதிரையை ஒருவரும் தோண்டவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதிரை உறை தைப்பதற்கென்று துணி வாங்குவது இவ்வூர் மரபல்ல. சட்டை தைத்து மிஞ்சிய துண்டு, யன்னல் சீலையின் ஓரம், கிழிந்த சாறத்தின் நல்ல பாதி, அரசாங்கம் தந்த வெள்ளைச் சீருடைத் துணியில் பிள்ளை எதிர்பார்த்த அளவு வளராததால் எஞ்சியது ஆகியவையே மூலப்பொருள். பூவும் கட்டமும் மாறிமாறி ஒட்டி, கீழே சுருக்கு வைத்தால் உறை தயார். நிறம் பொருந்தவேண்டும் என்ற விதி எங்கும் பதிவாகவில்லை.

ஆய்வுக்கு முக்கியமானது இதுதான்: பழைய உறையைக் கழற்றுவதில்லை, அதன்மேலேயே புதியதைத் தைக்கிறார்கள். இருக்க மெத்தென்றிருக்கும் என்பது சொல்லும் காரணம். தையல் பிரிக்கப் பஞ்சி என்பது உண்மைக் காரணம்.

1990க்கு முந்திய அடுக்கு அநேகமாக எங்குமே இல்லை. போரில் ஊரைவிட்டு ஓடும்போது கதிரையை யார் தூக்கினார்கள்? மீள்குடியேறியபின் வந்த அடியடுக்கில் நிவாரண நுளம்புவலை தென்படும். அதன்மேல் சாறம், அதன்மேல் சீருடை வெள்ளை. சரிகை மின்னும் மேலடுக்கு 2022 யூலை 6 திருக்கேதீஸ்வரக் கும்பாபிஷேகத்துக்கு முந்தியதல்ல என்பது வீட்டுக்காரியின் வாக்குமூலம். கல்வெட்டோடு வாதாடலாம், அவரோடு முடியாது. பொருள் விலை கழுத்தை நெரித்த ஆண்டு அது. புதுச்சட்டை தைத்தவர் குறைவு, ஆகவே அவ்வடுக்கு மிக மெல்லியது.

அடுக்குகளுக்கிடையே ஊசி, பொத்தான், கொண்டை ஊசி கிடைத்தன. கிராம்புக்கு ஈடாக எமக்குக் கச்சான் கோது. சிவராத்திரியன்று கோயிற் குளமான பாலாவியில் முழுகி, தங்கள் கையாலேயே தீர்த்தம் மொண்டு லிங்கத்துக்கு வார்த்தவர்கள் விடியவிடிய இக்கதிரையில் சாய்ந்திருந்தார்கள். விரதம் பிடித்ததாக அவர்கள் கூறுவதோடு இச்சான்று முரண்படுகிறது. இதற்குமேல் கிண்டுவது ஆய்வு நெறியாகாது.

உப்புக்காற்றிலிருந்து கதிரையைக் காக்கவே உறை என்பார் ஒரு சாரார். உள்ளே இருப்பதோ பிளாஸ்டிக் கதிரை! உப்பு அதை என்ன செய்யும்? எறிய மனமில்லாத துணியைப் பத்திரப்படுத்தக் கதிரை ஒரு சாட்டு என்பதே எமது முடிபு. போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீஸ்வரக் கோயிலின் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழிச் செய்தி. மிச்சத்தை வீணாக்காத குணம் அவர்களுக்கு எங்கே தொற்றியது என்பது தனி ஆய்வுக்குரியது.

வீட்டுக்காரருக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு உறையைத் தோய்க்கும்போது தையலைப் பிரிக்கவேண்டாம். பிரித்தே ஆகவேண்டுமென்றால், எந்தத் துண்டு யாருடைய சட்டை என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்துவிட்டுப் பிரியுங்கள்.