எட்டாக் குப்பை

காலடியில் கிடக்கும் குப்பையை அவர் எடுக்க மாட்டார். அதற்குக் குனிய வேண்டும். கயிறு, கொக்கி, இடுப்புப் பட்டை, தலைக்கவசம் என்று அரை மூட்டைச் சாமானோடு வந்திருக்கிற மனிதர் குனிவதற்காகவா வந்திருக்கிறார்?

செப்டம்பர் கடைசியில், வருஷா வருஷம் ஊர்கூடிக் குப்பை பொறுக்குகிற நாட்களில், கலிஃபோர்னியாவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போனால் இந்தப் பாறையேறியிடமிருந்து தப்ப முடியாது. பார்க்கிங்கில் பத்து வயதுப் பிள்ளைகளும், ரிட்டயரான டீச்சர்களும், சான் ஹோசேப் பக்கமிருந்து நான்கு மணி நேரம் காரோட்டி வந்த எங்களைப் போன்ற கம்ப்யூட்டர் குடும்பங்களும் இடுக்கிக் குச்சியும் பையுமாக சிகரெட் துண்டு பொறுக்கிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நிற்பார். கழுத்து வலிக்காதோ என்று நமக்குத்தான் கவலை.

"அதோ, தெரியுதா?" என்பார்.

எண்பதடி உயரத்தில், பாறை இடுக்கில், ஏதோ மினுக்கும்.

"பிளாஸ்டிக்!" என்பார், பரவசமாக.

அவ்வளவுதான், காலைப்பொழுது போயிற்று. முதலில் ஆலோசனைக் கூட்டம். மேலே சுற்றிப் போய்க் கயிறு கட்டி இறங்குவதா, கீழேயிருந்து ஏறுவதா? உடனே இரண்டு கட்சிகள் உண்டாகும். இறங்குவது சுலபம் என்பதால் அந்தக் கட்சி தோற்கும். பிறகு ஒருவர் கயிறு பிடிக்க, ஒருவர் வழி சொல்ல, ஒருவர் படம் எடுக்க, இவர் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டு கிளம்புவார். விரிசலுக்குள் கையை நுழைத்து, திருகி, அதையே பிடியாக்கி, அடுத்த கையை நுழைத்து, திருகி... கீழே நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கடைசியில் ஒற்றைக் கையில் தொங்கியபடி அதை எட்டி எடுத்து, இடுப்புப் பையில் போட்டு, ஒரு கூச்சல். கீழே கைதட்டல். இறங்கி வந்து பையைத் திறந்து காட்டுவார்.

சிப்ஸ் பாக்கெட். அதுவும் பாதி.

அதற்குள் அந்த ரிட்டயரான டீச்சர் இரண்டு பையை நிரப்பிவிட்டு மூன்றாவது பை கேட்டு வாங்கப் போயிருப்பார். அவரை யாரும் படம் எடுக்கவில்லை.

"இதுக்கு ஒரு துறட்டி போதாதாங்க?" என்றாள் என் மனைவி. கும்பகோணத்துக் கொல்லையில் முருங்கைக்காய் பறித்த கை அது. நான் இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த வருஷம் கார்பன் ஃபைபரில் எண்பதடித் துறட்டி செய்து கொண்டுவந்து, அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் நாலு பேரைச் சேர்த்திருப்பார்.

ஏறி எடுப்பதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. எடுத்த குப்பைக்கு மதிப்பெண் போடுவார் பாருங்கள், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

பாறையேறுவதன் கடினத்தை அளக்க அமெரிக்காவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1950-களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் டாக்கிட்ஸ் பாறையில் அதைச் செப்பனிட்டார்கள். பெயர் என்னவோ யோசமிட்டிக்குப் போய்விட்டது. 1 என்றால் நடை. 5 என்றால் கயிறில்லாமல் விழுந்தால் ஆள் மிஞ்ச மாட்டார். அந்த 5-ஐ 5.0 முதல் 5.9 வரை பத்தாகப் பிரித்தார்கள், அதற்கு மேல் மனிதனால் ஆகாது என்ற நம்பிக்கையில். பிறகு ஆகிவிட்டது. எண் தீர்ந்துபோனதால் 5.10 என்று போட்டார்கள். கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் 5.10-உம் 5.1-உம் ஒன்றுதான் என்பார். அதை இவர்களிடம் சொல்லிவிட்டு இவர்கள் பிடிக்கும் கயிற்றில் தொங்காதீர்கள். அப்புறம் அதுவும் போதாமல் 5.10ஏ, 5.10பி என்று வாலைச் சேர்த்து, இன்று 5.15டி வரை வந்திருக்கிறது. சாஃப்ட்வேரின் வெர்ஷன் எண்களோடு குடும்பம் நடத்துகிறவன் என்பதால் எனக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வினை. புரிந்துகொள்ளும் ஆள் கிடைத்துவிட்டான் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த சிப்ஸ் பாக்கெட் 5.8, ட்யூட். நல்ல 5.8."

பியர் கேன் ஒன்று 5.10பி. மேலே பாறை கொஞ்சம் ஈரமாக இருந்ததால் சி என்றே வைத்துக்கொள்ளலாமாம். குளிர்பானப் பாட்டில் ஒன்றை இவர் 5.9 என்றார், உடன்வந்தவர் 5.10ஏ என்றார், உனக்குக் கை குட்டை, அதனால்தான் உனக்கு ஏ என்று இவர் சொல்ல, பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு பெரிய வாக்குவாதம். பாட்டிலைக் குப்பைப் பையில் போட இருவருக்குமே மறந்துவிட்டது. என் மகன் எடுத்துப் போட்டான்.

நான் என் பையைத் திறந்து காட்டினேன். சிகரெட் துண்டுகள், பாட்டில் மூடிகள், பிளாஸ்திரி, கிழிந்த செருப்பு ஒன்று, குழந்தையின் சாக்ஸ் ஒன்று. முதுகு ஒடிய இரண்டு மணி நேரம் பொறுக்கியது. எட்டிப் பார்த்தார்.

"ஓ," என்றார் இரக்கத்தோடு. "எல்லாம் கிளாஸ் ஒன்."

மெர்சட் ஆற்றங்கரைப் புல்லில் சுருட்டிப் போட்ட டயப்பர் ஒன்று கிடந்தது. அதற்கு அவரிடம் மதிப்பெண்ணே இல்லை. அண்ணாந்துகொண்டே அதைத் தாண்டிப் போனார். டீச்சர்தான் எடுத்தார்.

இதையெல்லாம் நான் யாரையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. ஊதா நிறத் தலைக்கவசம் போட்டிருந்தவரைக்கூடச் சொல்லவில்லை.

தரையில் கிடப்பதில் அவர் குனிந்து எடுக்கிற பொருள் ஒன்றே ஒன்று: துருப்பிடித்த ஆணி. பாறை விரிசலில் அடித்து ஏறுகிற பழங்கால ஆணி. அதை எடுத்தால் பையில் போட மாட்டார், உள்ளங்கையில் ஏந்துவார். "இது ஹார்டிங் காலத்ததா இருக்கலாம்." அங்கே வரலாற்று வகுப்பு தொடங்கும். எல் கேபிடன் பாறை தரையிலிருந்து ஏறத்தாழ 3,000 அடி. அதில் 'மூக்கு' என்று பெயர்பெற்ற முனை வழியாக முதன்முதலில் ஏறியது வாரன் ஹார்டிங்கின் கூட்டம். 1957 ஜூலையில் தொடங்கி, ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, 1958 நவம்பரில் உச்சி தொட்டார்கள். வேடிக்கை பார்க்க வண்டிகள் நின்று சாலை அடைத்துக்கொண்டதால் சுற்றுலாக் காலத்தில் ஏறக்கூடாது என்று தேசியப் பூங்காக்காரர்கள் தடை போட்டார்களாம். நடுவில் ஓர் அகலமான விரிசல். அதற்குப் பொருந்துகிற ஆணி எந்தக் கடையிலும் இல்லை. குப்பைமேட்டில் கிடந்த பழைய அடுப்பின் கால்களைக் கழற்றி வந்து ஆணியாக்கி அடித்தார்கள். இன்றைக்கும் அந்த இடத்துக்கு அடுப்புக்கால் விரிசல் என்றுதான் பெயர்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். இவ்வளவு பெரிய மலையைக் குப்பையை வைத்து வென்ற பரம்பரையாம் இவர்கள். அந்தப் பரம்பரை கூடாரம் போட்டுக் கிடந்த கேம்ப் 4 திடலையே 2003-இல் அமெரிக்க அரசு வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது. துருப்பிடித்தால் வரலாறு, பளபளத்தால் குப்பை. ஒரு பியர் கேன் போதுமான காலம் பொறுமையாகக் கிடந்தால் அதுவும் கரையேறிவிடும்.

இந்த வருஷாந்தரப் பெருக்கலுக்கு யோசமிட்டி ஃபேஸ்லிஃப்ட் என்று பெயர். 2004-இல் இதை ஆரம்பித்தவர் கென் யேகர், அவரும் ஒரு பாறையேறிதான். போகிற இடமெல்லாம் குப்பை கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஊர்கூட்டிப் பொறுக்க ஆரம்பித்தார். அந்த நல்ல மனிதரைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

அதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பாறையேறிகள் ஒரு முறை இந்த மலையை வழித்துத் துடைத்துச் சுத்தம் செய்ததுண்டு. 1976 டிசம்பரில், பள்ளத்தாக்குக்கு மேலே காட்டுக்குள் லோயர் மெர்சட் பாஸ் ஏரியில் கஞ்சா ஏற்றி வந்த கடத்தல் விமானம் ஒன்று விழுந்தது. அதிகாரிகள் எடுத்த வரை எடுத்தார்கள். ஏரி உறைந்து பனி இறுகியதும், மிச்சத்தை வசந்த காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டார்கள். கேம்ப் 4-க்குச் சேதி எட்டியது. கையில் காசில்லாத, வேலைக்குப் போகாத, சோம்பேறி என்று ஊரே சொன்ன அந்தப் பிள்ளைகள் பனியில் நடந்து போய், உறைந்த ஏரியை வெட்டி, ஈரப் பொதிகளை முதுகில் சுமந்து இறக்கினார்கள். அன்றைக்கு யாரும் இடுக்கிக் குச்சி கேட்கவில்லை. இப்போதுபோலப் பரிசுக் குலுக்கல் வைக்கவில்லை. அந்த வசந்தத்தில் கேம்ப் 4-இல் புதுக் கயிறுகளும் வண்டிகளும் தென்பட்டதாகச் சொல்வார்கள்.

சரி, இதைச் சிரிக்காமலே சொல்கிறேன். பாறைகளின் அடிவாரத்தில் நான் பொறுக்கியதில் பாதி, சுற்றுலாக்காரர்கள் போட்டது இல்லை. விரல் தோல் கிழியாமல் இருக்கச் சுற்றிக்கொள்ளும் வெள்ளை டேப், ரத்தக்கறையோடு. எனர்ஜி பார் உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்கும்போது தனியாக வருகிற முக்கோண மூலை. உறையைப் பத்திரமாகப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார்கள், மூலையைத் துப்பிவிடுவார்கள். இந்த மூலைகளை யார் துப்பியது? யோசமிட்டிக்கு வருஷத்துக்கு நாற்பது லட்சம் பேர்போல வருகிறார்கள். பேருந்தில் வந்து அருவியைப் பார்த்துவிட்டு ஐஸ்க்ரீம் தின்கிற தாத்தாவா பாறையடிக்கு வந்து எனர்ஜி பார் கடித்தார்? மேலே இன்னும் மோசம். பெருஞ்சுவர்போல நிற்கும் பாறையில் நாட்கணக்கில் தொங்குகிறவர்களுக்குத் தண்ணீர்தான் பெரிய சுமை, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர். உச்சியை நெருங்கியதும் மிஞ்சிய தண்ணீரை பாட்டிலோடு திட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டால், பின்னால் வருகிறவருக்கு உதவும் என்பார்கள். கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் போவதற்கும் இதே தர்மம்தான். வெயிலில் வெளிறி, நார் நாராகி, காற்றில் ஆடுகிற கயிறு யாருக்கு உதவும்? அடுத்த செப்டம்பரில் அதே கூட்டம் அதே கயிற்றை வீரதீரமாக இறக்கிவந்து 5.11 என்று மார்தட்டும். போட்டவரும் நீங்கள், எடுத்தவரும் நீங்கள், கைதட்ட மட்டும் நாங்களா?

கோபமாக எழுதிவிட்டேன். இவ்வளவையும் நினைத்துக்கொண்டு அவரைத் திட்டத் தயாராகப் போனபோதுதான் அந்தக் குழாயைக் காட்டினார். வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிற அதே பி.வி.சி. குழாய், முழ நீளம், ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் திருகு மூடி. சுவரில் ஐந்து நாள் தொங்கினால் ஐந்து நாள் மலத்தையும் பையில் கட்டி அதற்குள் போட்டு, சாமான் மூட்டைக்கு அடியில் தொங்கவிட்டு, உச்சிவரை இழுத்துப் போய், திரும்பவும் சுமந்து இறங்க வேண்டும். ஒரு காலத்தில் காகிதப் பையில் கட்டிக் கீழே வீசினார்களாம். இப்போது அது குற்றம். தன்னுடையதைத் தானே ஐந்து நாள் சுமக்கிற மனிதருக்கு, காரை விட்டு இறங்காமல் டயப்பரை எறிந்துவிட்டுப் போகிற உலகத்தைச் சேர்ந்த நான் என்ன புத்தி சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். குழாய் காலிதானா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

என் மகனுக்கு எட்டு வடிவ முடிச்சு போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அவன் தப்பாகப் போடப் போட, முகம் சுளிக்காமல் அவிழ்த்து அவிழ்த்துக் கொடுத்தார். நான் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அதன் விளைவு, வீட்டில் இப்போது, "அப்பா, ஃப்ரிட்ஜ் மேல இருக்குற பிஸ்கட் 5.7."

சாயங்காலம் குலுக்கல். பொறுக்கினவர்களுக்கெல்லாம் சீட்டு உண்டு; மூன்று பை நிரப்பின டீச்சருக்கும் ஒன்று, பாதி சிப்ஸ் பாக்கெட்டுக்கும் ஒன்று. மலையேற்றச் சாமான் கம்பெனிகள் கொடுத்த பரிசுகள். கூட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்க, யார் எண் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? புத்தம்புதுக் கயிறு, அறுபது மீட்டர். ஓடிப்போய் வாங்கிவந்து, எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தார். அட்டையை உருவினார். உள்ளேயிருந்த சின்னச் சின்னக் கட்டுக் கம்பிகளை அவிழ்த்தார். எல்லாவற்றையும் கையில் அள்ளிக்கொண்டு, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் கேட்டார்:

"ட்யூட், உங்க பையில இன்னும் இடம் இருக்குல்ல?"