மயிலாப்பூர் மாடியில் அபூர்வ யூகலிப்டஸ்: ஆறே படிகள்

துளசி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி என்று உபயோகமான செடிகளையே வளர்த்து அலுத்துப்போனவரா நீங்கள்? மொட்டை மாடிக்கு வரும் சம்பந்தி "இது என்ன செடி?" என்று கேட்டு, பதில் கிடைத்த பிறகும் விழிக்க வேண்டுமா? அபூர்வ யூகலிப்டஸ்தான் வழி. மூன்று வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

தேவையானவை: பெரிய தொட்டி இரண்டு, செம்மண், ஆற்று மணல், தென்னைநார்க் கழிவு, பெயர்ப்பலகை ஒன்று. மாடிச் சுவர் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றுகளைப் பிடுங்கி எறிய ஒரு பழைய கத்தி. மண் மூட்டையை மூன்று மாடி தூக்கிய பின் இடுப்பில் தடவ நீலகிரித் தைலம் ஒரு பாட்டில்.

படி 1: இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

அந்தத் தைலம் தரும் குளோபுலஸ் வேண்டாம். 1843இலேயே நீலகிரிக்கு வந்து உள்ளூர்க்காரன் ஆகிவிட்டது. சமவெளித் தைல மரமும் வேண்டாம். சுமார் 1790இல் திப்பு சுல்தான் நந்தி மலைத் தோட்டத்தில் யூகலிப்டஸை வைத்ததிலிருந்தே தென்னாட்டுக்கு இந்த வம்சம் பழக்கம். புதுக்கோட்டைப் பக்கம் அதை 'ஆர்.எஸ்.பதி மரம்' என்று தைலக் கம்பெனியின் பெயராலேயே கூப்பிடுகிறார்கள். காகித ஆலைக்கு லாரியில் போகிற மரத்துக்கு மாடியில் என்ன மரியாதை?

யூகலிப்டஸில் எழுநூறு இனங்களுக்கு மேல் உண்டு. என் சிபாரிசு மூன்று. முதலாவது டெக்ளூப்டா. பட்டை உரிய உரியப் பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று அடிமரமே வானவில்லாகும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய மழைக்காட்டுப் பிறவி. 60 மீட்டருக்கு மேல் வளரும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடமே 177 அடிதான் என்பதால், கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இரண்டாவது, ஆஸ்திரேலியப் பனிமலையில் வளரும் பாசிஃப்ளோரா. அக்னி நட்சத்திரத்தில் அதற்கு விசிறிவிட ஆள் தேவை. மூன்றாவது மேக்ரோகார்பா. சாம்பல் பூசிய இலை, உள்ளங்கை அகலச் சிவப்புப் பூ. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட மணலில் பிறந்தது. நம் ஐப்பசி மழையைக் கண்டால் வேர் அழுகிப் போகும். மூன்றையும் வாங்குங்கள்.

படி 2: விதை வாங்குங்கள்

ஆன்லைனில் கிடைக்கும். படத்தில் மரம் தீபாவளி மத்தாப்பு போல இருந்தால் விற்பவர் கைதேர்ந்தவர் என்று அறிக. பொட்டலத்தைப் பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்தவும். விதை கசகசா போலப் பொடியானது. அதிலும் பாதிக்கு மேல் முளைக்காத உமி. எது விதை, எது உமி என்று பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. எல்லாவற்றையும் தூவுங்கள். பத்தாம் நாள் பச்சையாக ஏதாவது வந்தால் துள்ளாதீர்கள், அது குப்பைமேனி.

படி 3: குளிரூட்டுங்கள்

பாசிஃப்ளோராவுக்குப் பனிக்காலம் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கை வந்தால்தான் முளைக்கும். ஈர மணலில் கலந்து, நான்கு முதல் ஆறு வாரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் முதல் தவணை, மணலில் கலக்கும் முன்பே குருமாவில் போய்ச் சேர்ந்தது. தேங்காயோடு அரைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

படி 4: இடம் பாருங்கள்

தி.நகர் பால்கனி என்றால் ஏ.சி. இயந்திரத்தின் அனல் காற்று படாத ஓர் அடி தேடுங்கள், கிடைக்காது. அடையாறில் கடலோரம் என்றால் போர்த் தண்ணீரின் உப்பைக் கணக்கில் கொள்ளுங்கள். மயிலாப்பூர் மாடியில் வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் மாசி முதல் வைகாசி வரை அது வடாத்துக்குச் சொந்தம். வழக்கு வேண்டாம், தோற்பீர்கள்.

படி 5: தண்ணீர் விடுங்கள்

நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று கர்நாடக அரசு 2017இல் புதிதாக யூகலிப்டஸ் நடவே தடை விதித்தது. உங்கள் செடி ஒரு குவளைக்கு மேல் கேட்காது என்றாலும், இந்தச் செய்தி குடியிருப்போர் சங்க வாட்ஸப் குழுவை எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் லாரிக்குக் குடம் வரிசை வைத்து நின்றவர்கள் எதையும் மறப்பதில்லை.

படி 6: காற்றுக்குக் கட்டுங்கள்

அடையாறு ஆலமரத்தின் தாய்மரமே 1989 புயலில் சாய்ந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து போன பிறகு, நகரத்தில் விழுந்த மரங்கள் ஆயிரக்கணக்கில். உங்கள் ஒன்றரை அடிச் செடியை மூங்கில் குச்சியில் கட்டுங்கள். குச்சியைத் தொட்டியிலும், தொட்டியைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் கட்டுங்கள். பிறகு கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை பெய்யும். காற்றுக்கு அவசியமே இருக்காது.

பலன்

எனக்கு இரண்டு தொட்டியும் காலியானது. பெயர்ப்பலகையைப் பிடுங்க மனசில்லாமல் விட்டுவைத்தேன். ஆறு மாதம் கழித்து 'டெக்ளூப்டா' என்ற பலகையின் கீழ் தளதளவென்று ஒரு கன்று. தண்ணீர் விடவில்லை, உரம் வைக்கவில்லை, குச்சி கட்டவில்லை. இளஞ்சிவப்புத் தளிர், நுனி நீண்ட இலை, லேசான காற்றுக்கே சலசலப்பு. வந்தவர்கள் எல்லோரும் பலகையைப் படித்து, "ஆஸ்திரேலியாவா?" என்று மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார்கள்.

மூன்றாம் வீட்டு மாமி மட்டும் பலகையைப் படிக்கவில்லை. போன அமாசோமவாரத்தன்று விடிகாலையில் நூற்றெட்டுப் பழத்தோடு மாடியேறி வந்து, "கோயில்ல ஒரே கூட்டம்டா. இதையே சுத்திக்கட்டுமா?" என்று கேட்டார்.

தொட்டியைச் சற்று நடுவில் நகர்த்திக் கொடுத்தேன். கத்தியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டேன். பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது.