சீட்டாடாதவர்களின் சீட்டுக்கட்டு

ஓவியர் ஒருவர் தன் போக்கில் வரைந்து அச்சிடும் தனிவடிவச் சீட்டுக்கட்டும், மளிகைக் கடையில் கேட்டால் எடுத்துத் தரும் சாதாரணக் கட்டும் ஆட்டத்துக்கு ஒன்றுதான். இரண்டிலும் 52 சீட்டு, இரண்டு ஜோக்கர். இஸ்பேட், ஆர்ட்டின், கிளாவர், டைமன் என்ற அதே நான்கு சின்னங்கள். ஓவியம் வேறு, விலை வேறு. மூன்றாவதாக ஒரு வேறுபாடும் உண்டு: தனிவடிவக் கட்டை வாங்கியவர் அதை யாரையும் தொட விடமாட்டார்.

இத்தகைய கட்டுகளை வரைகிறவர்கள், சேகரிக்கிறவர்கள் என்று இரு பிரிவினர் உலகெங்கும் இருக்கிறார்கள். இரு பிரிவிலும் பலர் சீட்டாடுவதே இல்லை. இந்த ஒழுக்கத்துக்குத் தமிழ்நாட்டில் உரிய மரியாதை கிடைப்பதில்லை. வீட்டில் ஒரு கட்டு இருந்தால் சூதாடி. நாற்பது கட்டு இருந்தால் கிளப் நடத்துகிறவர். நாளிதழ்களும் ஆறுதல் தருவதில்லை. பணம் வைத்துச் சூதாடியவர்கள் கைதான செய்தியில், பறிமுதலான ரொக்கம் பைசா சுத்தமாக இருக்கும். கூடவே பறிமுதலான சீட்டுக்கட்டு எந்த ஆண்டு அச்சு, பின்புறம் என்ன வேலைப்பாடு என்பது ஒருநாளும் வராது.

ஆரணிப் பக்கம் நிலைமை இன்னும் கடினம். பட்டுத் தறிகளுக்குப் பெயர்போன இந்த ஊரிலிருந்து போளூர் போகும் திசையில் திருமலை இருக்கிறது. அங்கே பதினாறு மீட்டர் உயரத்துக்குப் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் நிற்கிறார். சமணர் விலக்கச் சொல்லும் ஏழு தீப்பழக்கங்களில் முதலாவது சூது. சமணத்தோடு சேராதவர்களும் தப்ப வழியில்லை. திருக்குறளின் 94-ஆம் அதிகாரமான 'சூது' அவர்களுக்காகவே இருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1960-களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது உண்மைதான். வீட்டுப் பெரியவர்கள் அதன் மேல்முறையீட்டை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாதாரணக் கட்டின் வரலாற்றைப் பார்த்தால், அதுவும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் தனிவடிவம்தான் என்பது விளங்கும். எகிப்தின் மம்லூக் ஆட்சிக் காலத்துச் சீட்டுகள் இன்றும் இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கின்றன. அவற்றில் நாணயம், கோப்பை, வாள், போலோ மட்டை என நான்கு சின்னங்கள், ராணி கிடையாது. 1370-களில் சீட்டு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 1377-இல் புளோரன்ஸ் நகரம் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த வேகத்தைப் பார்த்தால் பெரியவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் என்று தெரிகிறது. பிரான்சின் ரூவான் நகரத்துப் படங்களை இங்கிலாந்துக்காரர்கள் மரக்கட்டையில் செதுக்கிச் செதுக்கிப் படியெடுத்தார்கள். படியெடுக்கும்போது ஆர்ட்டின் ராஜாவின் கோடரி முனை காணாமல் போய், கைப்பிடி வாளாகி, அந்த வாள் அவர் தலைக்குள்ளேயே போய்விட்டது. நான்கு ராஜாக்களில் மீசை இல்லாதவரும் அவர்தான். இன்று ஆரணிக் கல்யாண மண்டபத்தின் மாடி அறையில், மாப்பிள்ளை அழைப்பு முடிந்த இரவில் கைமாறுகிறவர் இதே மீசையில்லா ராஜா.

இஸ்பேட் ஏஸ் மட்டும் மற்ற சீட்டுகளைவிடப் பகட்டாக இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, வரி. 1765 முதல் இங்கிலாந்தில் அந்த ஒரு சீட்டை அரசின் முத்திரைத்தாள் அலுவலகமே அச்சிட்டுக் கொடுத்தது. வரி கட்டியதற்கு அதுவே ரசீது. அதைக் கள்ளத்தனமாக அச்சிட்ட ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805-இல் தூக்கிலிட்டார்கள். இப்போதும் சேகரிப்பாளர் ஒரு கட்டைப் பிரித்தால் முதலில் தேடுவது இஸ்பேட் ஏஸைத்தான். வடிவமைப்பாளர்கள் தங்கள் முழு வித்தையையும் அதில்தான் காட்டுகிறார்கள்.

ஆரணிக்கு இந்த வரலாற்றில் நேரான உறவு ஒன்று உண்டு. அது லியோன் நகர் வழியாக வருகிறது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குச் சீட்டுக்கட்டு ஏற்றுமதி செய்த பெரிய மையங்களில் ஒன்று லியோன். பட்டு நெசவு பெருகிய அதே ஊரில்தான் 1804-இல் ஜோசப் மரி ஜக்கார்டு தன் தறி இயந்திரத்தை உருவாக்கினார். ஆரணித் தறிகளின் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி அவருடையது. அதில் சுற்றி வரும் துளையிட்ட அட்டைகளும் ஒருவகைக் கட்டுதான். டிசைன் போடுகிறவர் கட்டம் போட்ட தாளில் மாங்காயையும் மயிலையும் வரைகிறார். அட்டை குத்துகிறவர் அதைத் துளைகளாக மாற்றுகிறார். துளை இருக்குமிடத்தில் பாவு இழை எழும்பும், இல்லாத இடத்தில் அடங்கியிருக்கும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. ஆக, லியோன் உலகத்துக்கு இரண்டு வகை அட்டைகளை அனுப்பியிருக்கிறது: ஒன்று சேலை சேர்க்கும், மற்றது சேலையை அடகுக் கடைக்கு அனுப்பும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு கலைப்பதில் இருக்கிறது. 52 சீட்டை அடுக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கையை எழுத 8 போட்டு அதன் பின்னால் ஏறத்தாழ 67 சுழி போட வேண்டும். அத்தனை வரிசையும் செல்லும். எது வந்தாலும் ஆட்டம் ஆடலாம். ஜக்கார்டு அட்டைக்குச் செல்லுபடியாகும் வரிசை ஒன்றே ஒன்று. அதனால்தான் அவற்றை நூலால் கோத்து வைக்கிறார்கள். தறிக்கூடத்தில் யாராவது "கலைத்துப் போடு" என்றால் மயிலுக்குக் கழுத்து ஓரிடத்திலும் தோகை ஓரிடத்திலும் விழும். சொன்னவருக்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

இந்தியாவின் மரபுச் சீட்டு கஞ்சிபா. அது பெரும்பாலும் வட்டமானது. 1527-இல் பாபர் சிந்துவில் இருந்த ஒரு சிற்றரசருக்குக் கஞ்சிபாக் கட்டு அனுப்பியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அக்பர் ஆடிய 12 வகை, 144 சீட்டுக் கட்டை அவருடைய அரசவை அறிஞர் அபுல் பசல் விவரிக்கிறார். பின்னால் வந்த தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 சீட்டுகள். ராஜா, மந்திரி, பிறகு ஒன்று முதல் பத்து. பாதி அவதாரங்களில் பத்து பெரியது, மீதிப் பாதியில் ஒன்று பெரியது. பகலில் ஆடினால் ராமர் கையில் இருப்பவர் தொடங்குவார், இரவில் ஆடினால் கிருஷ்ணர் கையில் இருப்பவர். மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு நாற்பது வட்டச் சீட்டு. ரம்மியின் பதின்மூன்று சீட்டைப் பிடிக்கவே இடக்கை வலிக்கிறது என்று ஸ்கூட் விடுகிறவர்கள் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இந்தக் கட்டுகளை அரசர்களுக்குத் தந்தத்திலும் ஆமை ஓட்டிலும் செய்தார்கள். மற்றவர்களுக்குத் துணியிலும் காகிதத்திலும். வங்காளத்தின் விஷ்ணுபூரிலும் ஒடிசாவிலும் பழந்துணியை அடுக்கடுக்காகப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, காய வைத்து, வட்டமாக நறுக்கி, கையால் வரைந்து, அரக்குப் பூசுகிறார்கள். ஒவ்வொரு கட்டுமே தனிவடிவம் என்பதால் அங்கே யாரும் அதைத் தனியாகச் சொல்லிப் பெருமைப்படுவதில்லை.

தனிவடிவச் சீட்டின் மாமன்னர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் மைசூர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1799-இல் ஐந்து வயதில் அரியணை ஏறியவர். 1831-இல் ஆங்கிலேயர் ஆட்சி நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அரண்மனையையும் பொழுதையும் விட்டுவைத்தார்கள். 1868-இல் மறையும் வரை அந்தப் பொழுதை அவர் வீணாக்கவில்லை. சதுரங்கக் குதிரைப் பயணப் புதிர்கள், பலகை ஆட்டங்கள், புதுப் புதுச் சீட்டாட்டங்கள் என்று உருவாக்கித் தள்ளினார். அவர் பெயரால் வழங்கும் ஸ்ரீதத்துவநிதி என்ற பெருநூலின் கடைசிப் பகுதி இந்த விளையாட்டுகளுக்கே ஒதுக்கப்பட்டது. 'சத்' எனப்படும் அவருடைய சீட்டாட்டங்களில் வகைகள் பதினெட்டு வரை போகும். ஒரு வகைக்கு எண் சீட்டு 12, அரசவைச் சீட்டு 6 என்பது வழக்கமான அளவு. பெரிய கட்டில் 360 சீட்டு வரை உண்டு. தெய்வங்களும் வாகனங்களும் நிறைந்த அந்த ஓவியங்கள் இன்று பார்த்தாலும் கண்ணை எடுக்க விடாதவை. ஆட்டம்தான் பரவவில்லை. அரண்மனைக்கு வெளியே அதை யாரும் ஆடியதாகத் தெரியவில்லை. 360 சீட்டையும் மூன்று தலைமுறை விதிகளையும் நினைவில் வைத்துக்கொள்கிற ஒரு குடிமகன் இருந்திருந்தால், அவரைத் திவானாக்கியிருப்பார்களே தவிர, சீட்டாட விட்டிருக்க மாட்டார்கள்.

அரசருக்கு நேர்ந்ததுதான் இன்றைய வடிவமைப்பாளருக்கும் நேர்கிறது. தனிவடிவக் கட்டின் முதல் எதிரி அழகு. சீட்டை விசிறியாகப் பிடித்தவர் கண்ணில் படுவது மூலையில் உள்ள எழுத்தும் சின்னமும் மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கர்கள் அந்த மூலைக் குறியைப் பரவலாக்கினார்கள். அன்றிலிருந்து நடுவில் வரைந்த ஓவியம், ஆடுகிறவருக்குத் திண்ணைத் தூண் மாதிரி. இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. ஆர்ட்டினுக்குப் பதிலாக ஆரணி மாங்காய் புட்டாவையும் டைமனுக்குப் பதிலாக ருத்திராட்சத்தையும் போட்ட கட்டை மண்டபத்து மாடி அறைக்குக் கொண்டுபோனால், முதல் சுற்று முடிவதற்குள் பழைய கட்டை எங்கே என்று கேட்பார்கள். பெரிய மாமா கேட்கும் தொனி வேறாக இருக்கும்.

எந்தச் சீட்டுக்கு எவ்வளவு உழைப்பு என்பதிலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. வடிவமைப்பாளர் ராஜாவுக்கு மாதக்கணக்கில் நகை வரைவார். இருபத்தெட்டு ஆட்டத்தில் ராஜாவுக்கு மதிப்பு சுழி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2. யாழ்ப்பாணத்தில் ஆடும் முந்நூற்று நாலில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ராஜாவுக்கு 3. நகையே இல்லாத ஒன்பது அங்கே ராஜாவை வெட்டிவிட்டுப் போகும்.

பின்புறத்துக்கு வேறு இலக்கணம். தலைகீழாகத் திருப்பினாலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி வைத்த சீட்டை அடையாளம் கண்டு ஏமாற்றலாம். ஆரணி டிசைன்காரருக்குக் கட்டத்தாளும் திரும்பத் திரும்ப வரும் கோலமும் கைவந்த கலை. ஆனால் சேலையில் மயில் நிமிர்ந்து நிற்கும். சீட்டில் மேலே ஒரு மயில் நின்றால், கீழே இன்னொன்று தலைகீழாகத் தொங்கியாக வேண்டும். ஓரத்தில் வெள்ளைக் கரை விடுவதற்கும் காரணம் உண்டு: வெட்டும்போது அரை மில்லிமீட்டர் தவறினால் கரை அதை மறைத்துவிடும். கரையில்லாக் கட்டுக்கு ஆசைப்படுகிறவர் வெட்டுகிறவரின் கையை நம்பியாக வேண்டும்.

வழக்கமான அளவு இரண்டுதான்: போக்கருக்கு 63-க்கு 88 மில்லிமீட்டர், பிரிட்ஜுக்கு 57-க்கு 88. நல்ல சீட்டு ஒற்றை அட்டையன்று; இரண்டு தாளைக் கருநிறப் பசையால் ஒட்டியது, விளக்குக்கு எதிரே பிடித்தாலும் எதிராளி படிக்க முடியாது. வடிவம் தயாரானதும் அச்சகம் குறைந்தது எத்தனை கட்டு என்று கேட்கும். சொல்லும் எண்ணிக்கை வடிவமைப்பாளரின் சொந்தபந்தம் மொத்தத்தையும்விடப் பெரிதாக இருக்கும். காலண்டரும் டைரியும் லட்சக்கணக்கில் அடிக்கும் சிவகாசியில் ஐம்பது கட்டு என்று தொடங்கினால் டீயாவது கிடைக்கும். இதனால்தான் வெளிநாட்டில் பலரும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் மூலம் முன்பணம் திரட்டி அச்சுக்குப் போகிறார்கள்.

சேகரிப்பில் விலை எப்படி ஏறுகிறது என்பதற்கு ஜெரிஸ் நகெட் கட்டு நல்ல சான்று. லாஸ் வேகாஸ் பக்கத்தில் உள்ள அந்தச் சூதாட்ட விடுதி 1970-இல் அச்சிட்ட கட்டு அது. சூதாட்ட மேசைக்குப் போகாமல் விடுதிப் பரிசுக் கடையில் சில்லறைக் காசுக்குப் போனது. பிறகு மந்திர வித்தைக்காரர்கள் கையில் பட்டு, நூற்றுக்கணக்கான டாலருக்கு ஏறியது. 2019-இல் மறுஅச்சு வந்தபோது அதற்கும் கூட்டம். நம் ஊரில் ஏர் இந்தியா விமானத்தில் கொடுத்த மகாராஜா கட்டுக்கு இந்த வகை மதிப்பு உண்டு. விமானத்தில் ஏறாதவர்களின் வீட்டிலும் அது கிடைப்பது தனி ஆராய்ச்சி.

இந்தியச் சீட்டுகளை முறையாகச் சேகரித்து எழுதியவர் ருடால்ப் வான் லேடன். ஜெர்மனியில் பிறந்து 1933-இல் பம்பாய்க்கு வந்தவர். கேலிச்சித்திரக்காரர், கலை விமர்சகர். அவர் கஞ்சிபா பற்றி எழுதிய நூலை 1982-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வெளியிட்டது. மைசூர் அரசரின் ஆட்டங்கள் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சேகரிப்பாளர்களின் பிடிவாதத்தால் தெரிவது. சேகரிப்பு வெட்டிவேலை என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் எல்லாச் சேகரிப்பாளரும் வான் லேடன் அல்லர். சாதாரணச் சேகரிப்பாளர் ஒரே கட்டில் இரண்டு வாங்குவார்: ஒன்று பிரிக்க, ஒன்று பிரிக்காமல் வைக்க. பிரிக்க வாங்கியதையும் பிரிக்க மனம் வராது. வீட்டில் கேட்டால் முதலீடு என்பார். விற்கச் சொன்னால் கலை என்பார்.

கையால் வரைந்த கட்டு வேண்டுவோருக்கு விஷ்ணுபூரிலும், ஒடிசாவின் ரகுராஜ்பூரிலும், மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடி அரண்மனையிலும், மைசூரிலும் இன்னும் கிடைக்கிறது. வெளிநாட்டு அச்சுக்கட்டுக்குச் சுங்க வரியும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள், அடுத்த முறை அந்தக் காசை இந்த ஓவியர்களுக்கு அனுப்பலாம். 120 சீட்டுக் கட்டு வந்து சேர்ந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேராக உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். பகலாக இருந்தால் ராமர் கையில் உள்ளவர் தொடங்கட்டும்.