கல்லானைக்கு ஆர் தீன் போடுவது? ஓர் ஆய்வு

ஆனையிறவில் கல்லானை எதுவும் இல்லை. பரந்தனிலிருந்து இயக்கச்சி நோக்கிப் போகும் ஏ9 தெருவின் இருபுறமும் தரவையும் களப்பும் உப்பளமும்தான். இல்லாத ஒன்றைப் பற்றி ஆய்வு எழுதலாமா என்று கேட்போருக்கு: கிடைக்காத கல்வெட்டை வைத்துக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. நமக்குக் கல்வெட்டுக்கூட வேண்டாம், ஒரு கேள்வி போதும். இரவில் கல் விலங்குகள் உயிர்பெற்று எழும் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை, ஆனையிறவைக் களமாக வைத்து எழுதினால் பிள்ளைகள் பயப்படுவார்களா?

பயப்படமாட்டார்கள் என்பது இவ்வாய்வின் துணிபு. பிள்ளைகளின் துணிச்சல் இதற்குக் காரணமன்று. காரணம், தீன்.

முதலில் எதிர்த்தரப்பு. ஈவ் பண்டிங் எழுதி டேவிட் வீஸ்னர் கறுப்பு வெள்ளையில் வரைந்த ‘நைட் ஆஃப் த கார்கோயில்ஸ்’ 1994இல் வெளிவந்தது. பகலெல்லாம் கட்டட மூலைகளில் குந்தியிருக்கும் கற்பூதங்கள் இருட்டியதும் இறங்கி வந்து, நீரூற்றைச் சுற்றி அமர்ந்து முணுமுணுத்து, காவற்காரனைப் பயமுறுத்துகின்றன. நல்ல புத்தகம், பயமும் வரும். ஆனால் கார்கோயில் என்பது என்ன? பீலி. கூரையில் விழும் மழை சுவரில் வழியாமல் எட்டத் துப்புகிற கற்பீலி. (பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்தில் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் தாடையூன்றிய பூதம் பீலிகூட அன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருத்த வேலையின்போது வியொலே லெ துக் சேர்த்த அலங்காரம்.) பீலியின் தொண்டை ஒருவழிப் பாதை. வாய் என்று ஒன்று இருந்தும், நூற்றாண்டுக்கணக்கில் ஒரு கவளம் உள்ளே இறங்கியதில்லை. அது எழும்பினால் கோபத்தோடுதான் எழும்பும். அதைப் பேய்த்தனம் என்பது அநியாயம்; பசி என்பதே பொருந்தும்.

நம்மிடம் சான்றுகள் வேறு மாதிரி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 21ஆவது படலம் முழுவதும் இதே பொருள்தான். மதுரைக்கு வந்த சித்தரை அபிடேக பாண்டியன் சோதிக்கிறான்: வல்லவரானால் இந்தக் கல்லானைக்குக் கரும்பு கொடும். சித்தர் பார்க்கிறார். ஆனை கண் திறந்து, கரும்பைப் பிடுங்கி, சாறு கடைவாயில் ஒழுகத் தின்கிறது. தின்றபின் பாண்டியன் கழுத்து முத்துமாலையையும் எடுத்துக்கொள்கிறது. தடுக்கப் போன காவலர்கள் நின்ற இடத்திலேயே சித்திரமாகிறார்கள். ஒரு பக்கம் கல் அசைந்தால் மறுபக்கம் ஆட்கள் அசைவிழப்பதைக் கவனிக்க: சடப்பொருளின் மொத்த அளவு மாறவில்லை. பௌதிக ஆசிரியர்கள் இதைப் பாடத்தில் சேர்க்காதது ஏனோ.

இரண்டாம் சான்று மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம். உங்கள் கல்மாடு புல் தின்னுமா என்று பறங்கித் தளபதி ஏளனமாகக் கேட்டானாம். நந்தி எழும்பியது, புல்லைத் தின்றது, சாணமும் போட்டது. தளபதி திரும்பிப் போனான். சாணத்தின் ஆய்வுப் பெறுமதிக்குப் பிறகு வருவோம்.

மூன்றாவது நம் காலத்தது. 1995 செப்ரெம்பர் 21 அன்று டெல்லியில் தொடங்கி, இந்தியா முழுவதும், அன்றே லண்டன் வரையும், பிள்ளையார் சிலைகள் கரண்டியில் பால் குடித்தன. நீர்மத்தின் பரப்பு இழுவிசை என்றார்கள் விஞ்ஞானிகள். இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: கோடிக்கணக்கான சனம் கல்லுக்கு உயிர் வந்ததென்று நம்பிய அந்த நாளில் ஒருவரும் ஓடவில்லை. பால் வாங்கத்தான் ஓடினார்கள்.

ஆக விதி இது: நம் ஊர்க் கல் சாப்பிடுவதற்காகவே எழும்பும். எதிர்த்திசையிலும் விதி பொருந்துகிறது. குருநாகலைச் சுற்றி நிற்கும் ஆனைப்பாறையும் ஆமைப்பாறையும் முன்பு உயிருள்ள பிராணிகளாம். கடும் வரட்சியில் குளத்தை வற்றக் குடித்துவிடும் என்று பயந்து, ஒரு சூனியக்காரி அவற்றைக் கல்லாக்கினாளாம். தின்றால் கல் உயிராகும். அளவு மீறிக் குடித்தால் உயிர் கல்லாகும்.

விலக்குகள் உண்டா? திருப்புன்கூர் நந்தி நந்தனாருக்காக விலகியதே, என்ன தின்றது என்று ஒரு நண்பர் கேட்டார். அது எழும்பவில்லை, நகர்ந்தது மட்டுமே. சம்பளமில்லாத வேலையை எந்த விதியிலும் சேர்க்க முடியாது. யாளி எழும்பியதாக ஏன் கதையே இல்லை என்பதற்கும் விடை கிடைக்கிறது. பல கோயில்களில் அதன் வாய்க்குள் உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாத கல்லுருண்டை ஒன்றைச் சிற்பி விட்டு வைத்திருக்கிறான். அதைக் கைத்திறன் என்று வியக்கிறோம். முன்னெச்சரிக்கை என்பதே என் கருத்து.

யாழ்ப்பாணக் குடாநாடு இவ்விதிக்கு மிகப் பெரிய எதிர்மறைச் சான்று. அங்குள்ள சுண்ணக்கல் மயோசீன் காலத்துக் கடற்பிராணிகளின் ஓடுகள் இறுகி உருவானது. கிணற்றுக்கட்டும் மதிலும் உண்மையான கல்பிராணிகளே. ஒன்றும் எழும்பியதில்லை, ஒருவரும் தீன் போட்டதில்லை.

இனி ஆனையிறவு. வன்னிக் காட்டு ஆனைகள் ஆழங்குறைந்த இந்தக் களப்பைத் தாண்டித்தான் குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தவையும் அவற்றுள் அடங்கும். யாழ்ப்பாணத்தில் விலைபேசி, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஆகவே நம் கற்பனைக் கல்லானை வடக்கே போகாது. அங்கே வியாபாரி நிற்பான். இங்கேயே நின்றால் தின்ன என்ன உண்டு? கரும்பில்லை. புல்லும் கோடையில் கருகிவிடும். உப்பு மட்டும் குவிந்து கிடக்கிறது.

இங்கேதான் ஆய்வு இனிக்கிறது, அல்லது கரிக்கிறது. ஆனைக்கு உப்பு உயிர். கென்யாவின் எல்கன் மலையிலுள்ள கிற்றும் குகைக்குள் காட்டானைகள் இருட்டில் தடவித் தடவிப் போய், உப்புக்காகச் சுவரைத் தந்தத்தால் பெயர்த்துக் கல்லையே தின்கின்றன. மதுரையில் கல் ஆனையாகித் தின்றது; அங்கே ஆனை கல்லைத் தின்கிறது. கடலுப்புத் தண்ணீரில் வற்றாப்பளை அம்மனுக்கு விளக்கெரியும் வன்னியில், கல்லானை உப்பு நக்குவதை நம்புவது பெரிய காரியமா? ஒரே ஆபத்து, உப்பு கல்லின் நுண்துளைக்குள் புகுந்து படிகமானால் கல் பொருக்குவிட்டு உதிரும். அளவோடு நக்கவேண்டும்.

ஆனையிறவில் பீடத்தில் ஏற்றி வைத்த கவசமிட்ட புல்டோசர் ஒன்றும் நிற்கிறது. 1991 சமரின் நினைவுச்சின்னம். இரும்புப் பிராணிகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரா. அவை இரவில் அசைந்ததைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சித்திரக்கதை தேவையில்லை.

கள ஆய்வுக்குக் கிளிநொச்சியில் ஓர் அம்மம்மாவும் ஆறு வயதுப் பேத்தியும் உடன்பட்டார்கள். அம்மம்மா குரலைத் தாழ்த்தினார்: “நடுச்சாமத்திலை கல்லானை எழும்பி, உப்பளத்துக்கை இறங்கி வருது பிள்ளை.”

“அதுக்கு ஆர் அம்மம்மா தீன் போடுறது?”

“அங்கை உப்புத்தானே கிடக்கு.”

“வெறும் உப்போ? ஒரு மாங்காயும் குடுங்கோவன்.”

மாதிரியின் அளவு ஒன்று என்பதால் பொதுமுடிவு சொல்லத் தயங்குகிறேன். மாங்காய் மட்டும் உறுதி.

புத்தகம் போட விரும்புவோருக்கு எஞ்சும் சிக்கல் சாணம். கொக்கட்டிச்சோலைச் சான்று முழுமை பெறுவது அதனால்தான். தின்றதைக் கண்கட்டு என்று தள்ளலாம், போட்டதைத் தள்ள முடியாது. வளர்ந்த ஆனை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தின்னும். கல்லானை நீண்ட நாள் பட்டினி கிடந்தது என்பதையும் சேர்த்தால், இலத்திக்கு இரண்டு பக்கம் எதிரெதிரே விரித்து வரையவேண்டும். பதிப்பாளர் அந்தப் பக்கங்களை எடுக்கச் சொல்வார். எடுத்தால் ஆனை எழும்பியதற்கே ஆதாரமில்லை. உப்பளத்தாரும் தங்கள் பாத்திக்குள் இலத்தி வரைவதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். அதைச் சற்றே வடக்கே, இயக்கச்சிப் பக்கம் தள்ளி வரையலாம் என்பது என் பரிந்துரை. இயக்கச்சியார் என்ன சொல்வார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.