இழவு வீட்டுத் துப்பறிவாளர்கள்

2024 மார்ச் 8, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரம். மிசௌரி பல்கலைக்கழக மாணவன் ஒருவன், வயது 22, மாணவர் சங்கத்துத் தோழர்களோடு கொண்டாட்டத்துக்கு வந்தவன், பிராட்வே தெருவில் ஒரு மதுக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டான். தங்கியிருந்த விடுதிக்குப் போவதாகச் சொன்னவன், விடுதி இல்லாத திசையில் நடந்தான். தெருக் கேமராக்கள் அவன் தடுமாறுவதைப் பதிவு செய்தன. விழுவதையும் பதிவு செய்தன. பதிவு செய்வதுதான் கேமராவின் வேலை, தூக்கிவிடுவது அல்ல. பத்து மணிக்குச் சற்று முன்பு ஆற்றோரத் தெருவில் ஒரு போலீஸ்காரர் அவனை நலம் விசாரித்தார். நலம் என்றான். பதிலுக்கு அவரையும் விசாரித்தான். மரியாதை தெரிந்த பையன். நடந்துபோனான்.

இரண்டு வாரம் கழித்து, மார்ச் 22 காலையில், எட்டு மைல் தள்ளி கம்பர்லாந்து ஆறு அவனைத் திருப்பிக் கொடுத்தது.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுதான் என்றால் யாருக்கு லாபம்?

இடையில் இருந்த அந்தப் பதினான்கு நாளில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிந்தது. கைபேசி வைத்திருந்த அத்தனை பேருக்கும் துப்பறிவாளர் உத்தியோகம் கிடைத்தது. பயிற்சி தேவையில்லை. நாஷ்வில் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டாம். புருவத்தை உயர்த்தத் தெரிந்தால் போதும். "எனக்கு மட்டும்தான் இது விநோதமாகப் படுகிறதா?" என்று கேட்கத் தெரிந்தால் பதவி உயர்வு.

அந்தப் பையனின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே கோடிக்கணக்கான முறை எழுதித் தேய்த்துவிட்டார்கள். அதை எழுதினால் பார்வை கூடும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அது பெயராக இருக்கவில்லை, கடையின் பெயர்ப்பலகையாகிவிட்டது.

போலீஸ்காரரின் உடல் கேமராவில் பதிவான சில நொடிகள் வெளியே வந்ததும் திருவிழாதான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். குரல் தெளிவாக இருக்கிறதாம். ஆகவே போதை இல்லையாம். ஆகவே யாரோ தள்ளிவிட்டார்களாம். இரண்டு "ஆகவே"யில் ஒரு கொலை முடிந்தது. குடித்தவனைப் பற்றி எந்தக் குடிகாரன் வீட்டிலும் கேட்டிருக்கலாம். மனைவியிடம் உளறுவான், நண்பனிடம் அழுவான். உயிரைக் கொடுத்தாவது தெளிவாகப் பேசுவது ஒரே ஆளிடம்தான், போலீஸ்காரரிடம். அந்த அடிப்படை ஞானம் இல்லாதவர்கள் தடயவியல் பேசினார்கள்.

பாலத்தடியில் கூடாரம் போட்டிருந்த வீடில்லாதவர்கள் அடுத்த சந்தேகம். பணக்கார நகரத்தில் எது காணாமல் போனாலும் முதல் சந்தேகம் இல்லாதவன் மேல்தான் விழும். அடுத்து, உடன் வந்த நண்பர்கள். அவனோடு ஏன் வெளியேறவில்லை என்று கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நியாயமான கேள்விக்கு நேரலையில் மதிப்பில்லை. "அவர்கள்தான்" என்றால்தான் மதிப்பு. இருபது வயதுப் பையன்கள், வாழ்நாள் முழுவதும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளப்போகும் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். கொலைகாரன் என்ற பட்டம் அதற்கு மேல் போனஸ்.

மார்ச் 17 அன்று இரண்டு பெண்கள், அவர்களும் டிக்டாக்காரர்கள்தான், ஆற்றோரச் சரிவில் அவனுடைய டெபிட் கார்டைக் கண்டெடுத்தார்கள். உண்மையிலேயே ஒரு தடயம். வீட்டை விட்டு வெளியே வந்து, மண்ணில் நடந்து, குனிந்து எடுத்தது. கூட்டம் கைதட்டியது. பிறகு கூட்டம் யோசித்தது. யோசித்தால் ஆபத்து. கார்டை அங்கே போட்டதே அவர்கள்தானோ? துப்பறிந்தவர்களையே துப்பறிய ஆரம்பித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊருக்கு இப்போது வாயே விளம்பர வருமானம். மூடியைக் கொண்டுபோனால் மூடிக்கும் ஒரு காணொளி.

உடல் கிடைத்த பிறகாவது ஓய்ந்தார்களா? இரண்டு வாரம் ஆற்றில் கிடந்த உடலில் காலணி எங்கே என்று கேட்டார்கள். நுரையீரலில் தண்ணீர் இல்லையாமே என்றார்கள். ஓடும் ஆறு காலணியைக் கழற்றும் என்பது ஆற்றங்கரையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆறு கொலை செய்யும் என்பதை மட்டும் யாரும் நம்பத் தயாராக இல்லை. ஆற்றுக்கு முகம் இல்லையே! காணொளியின் சிறுபடத்தில் வைத்து சிவப்பு வட்டம் போட முடியாதே!

இத்தனை ஆராய்ச்சிக்கு நடுவில் ஒரே ஒருவர் மட்டும் கணக்கு சுத்தமாக வைத்திருந்தார். மதுக்கூட நிர்வாகம். எங்கள் பதிவேட்டின்படி அந்த வாடிக்கையாளர் வாங்கியது ஒரு மது, இரண்டு தண்ணீர் என்று அறிக்கை விட்டது. பொய் என்று நான் சொல்லவில்லை. அன்றிரவு அவன் ஏறி இறங்கியது அந்த ஒரு கடை மட்டும் அல்ல. ஆனால் அந்த வாக்கியத்தின் அழகைப் பாருங்கள். ஒரு மது, இரண்டு தண்ணீர். வழக்கறிஞர் கை பட்ட கவிதை. அடுத்த கடைக்கும் அப்படியொரு பதிவேடு இருக்கும். ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம்தான் குடித்தான். எல்லாக் கடையும் சேர்ந்து குடிக்க வைத்தது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

பிராட்வேயைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கன்ட்ரி இசை நட்சத்திரங்களின் பெயர் தாங்கிய பல மாடி மதுக்கூடங்கள் வரிசையாக நிற்கும் தெரு அது. கல்யாணப் பெண்ணின் தோழிகள் முதல் கல்லூரிப் பையன்கள் வரை வந்து குவிகிறார்கள். அந்தத் தெரு போய் முடிகிற இடம் ஆறு. குடிக்க வைப்பது கடையின் வேலை. அதிகமானால் வாசலுக்கு அனுப்புவதும் கடையின் வேலை. வாசலுக்கு அப்பால் கடைக்குப் பொறுப்பு இல்லை, ஆற்றுக்கு விடுமுறை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏன் இவர்களுக்கு ஒரு கொலைகாரன் வேண்டும்?

கொலைகாரன் இருந்தால் செலவு மிச்சம். அதனால்தான். அவனைப் பிடித்தால் போதும், கரையோரம் வேலி போட வேண்டாம். விளக்குப் போட வேண்டாம். போதையில் வெளியே தள்ளப்படுகிறவனை வண்டியில் ஏற்றிவிட ஆள் நிறுத்த வேண்டாம். மாணவர் சங்கங்களின் குடிச் சடங்கைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் வாய் திறக்க வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கிற நீங்களும் நானும் அடுத்த சனிக்கிழமை எத்தனையாவது கோப்பையில் நிறுத்துவது என்று யோசிக்க வேண்டாம். விபத்து என்றால் ஊரே பதில் சொல்ல வேண்டும். கொலை என்றால் ஒருத்தன் சொன்னால் போதும். எவ்வளவு மலிவு!

இந்த மலிவுச் சரக்குக்குப் பழைய வியாபாரம் உண்டு. 2008-ல் நியூயார்க் காவல்துறையில் ஓய்வுபெற்ற இரண்டு துப்பறிவாளர்கள் ஒரு கோட்பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இரவில் குடித்துவிட்டு வெளியே வந்து நீரில் பிணமாகக் கிடைத்த கல்லூரி வாலிபர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். அந்த இடங்கள் சிலவற்றின் அருகே சுவரில் சிரிக்கும் முகம் வரைந்திருக்கிறது. ஆகவே நாடு முழுக்க ஒரு கொலைக் கும்பல் திரிகிறது. அமெரிக்க நகரத்தில் சிரிக்கும் முகம் கிறுக்காத சுவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் அதுவல்லவா சந்தேகத்துக்குரியது! இவற்றை இணைக்கும் ஆதாரம் ஏதும் இல்லை, பெரும்பாலானவை மது சார்ந்த மூழ்கல்கள்தான் என்று எஃப்.பி.ஐ. அந்த ஆண்டே சொல்லிவிட்டது. அதனால் என்ன? 2019-ல் தொலைக்காட்சித் தொடராகவே வந்தது. ஆதாரம் இல்லாததற்குத்தான் அத்தியாயம் அதிகம்.

விஸ்கான்சினில் லா கிராஸ் என்றொரு ஊர். மிசிசிப்பிக் கரை. 1997-க்கும் 2006-க்கும் இடையில் எட்டு இளைஞர்கள் நீரில் போனார்கள். கொலைகாரன் வதந்தி அங்கேயும் கொடிகட்டிப் பறந்தது. கடைசியில் யாரோ மிகவும் அலுப்பான ஒரு காரியம் செய்தார்கள். மாணவர்களே முறை வைத்து, இரவில் ஆற்றோரப் பூங்காவில் குளிரில் நின்று, தள்ளாடி வருகிறவனைத் திருப்பி அனுப்பினார்கள். "தம்பி, வீடு அந்தப் பக்கம்." இந்த வேலைக்குக் கோட்பாடு தேவையில்லை. கம்பளிக் கோட்டு தேவை. கொலைகாரனைத் தேடிய கூட்டத்தில் எத்தனை பேர் கோட்டு வாங்கினார்கள் என்று கேட்டுவிடாதீர்கள்.

ஊகம் யாரையும் காயப்படுத்தாது என்று நினைப்பவர்கள் 2013-ஐ நினைத்துக்கொள்ளட்டும். ரோட் ஐலண்டில் பிரவுன் பல்கலைக்கழக மாணவன், இந்திய வம்சாவளிப் பிள்ளை, மார்ச்சில் காணாமல் போனான். குடும்பத்தார் ஃபேஸ்புக்கில் பக்கம் திறந்து கண்ணீரோடு தேடினார்கள். ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. மங்கலான புகைப்படத்தை வைத்துக்கொண்டு ரெடிட்டில் கூடியவர்கள் அறிவித்தார்கள், குண்டு வைத்தவன் இந்தப் பையன்தான். செய்தியாளர்களும் எடுத்து ஊதினார்கள். மகனைத் தேடிய பக்கத்தில் வசை கொட்டியது, வீட்டுத் தொலைபேசி இரவெல்லாம் அலறியது, பக்கத்தையே மூட வேண்டியதாயிற்று. விடிந்தபோது உண்மையான குற்றவாளிகள் வேறு யாரோ. சில நாள் கழித்து ஏப்ரல் 23 அன்று அந்தப் பிள்ளையின் உடல் நீரில் கிடைத்தது. ரெடிட் மன்னிப்புக் கேட்டது. கேட்டுவிட்டு, கடையைத் திறந்தே வைத்தது.

ஐடஹோவில் 2022-ல் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டபோது டெக்சாஸில் இருந்து ஒரு அம்மாள் சீட்டுக் குலுக்கிப் பார்த்து, சம்பந்தமே இல்லாத ஒரு வரலாற்றுப் பேராசிரியையைக் கொலையாளி என்றார். இது அவதூறு என்று 2024-ல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லுமளவுக்கு நாடு முன்னேறியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நெஞ்சு ஆறாது. இந்த ஊகப் பந்தியில் எல்லோருக்கும் இலை போடுவதில்லை. 2021 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவன் ஒருவன் காணாமல் போனான். செப்டம்பரில் ஆற்றில் உடல் கிடைத்தது. அடையாளம் காணவே வாரக்கணக்கானது. அதே நாட்களில் காணாமல் போன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்காக நாடே தூங்காமல் விழித்திருந்தது. என் மகனுக்கு ஏன் இதில் பாதிகூட இல்லை என்று அந்தத் தாய் வெளிப்படையாகக் கேட்டார். கவனியுங்கள், நாம் இவ்வளவு நேரம் சபித்துக்கொண்டிருக்கும் அந்த மொய்ப்புக்குக்கூட அவர் ஏங்க வேண்டியிருந்தது. காணாமல் போனது கறுப்பினப் பிள்ளை என்றால் மொய்க்கக்கூட ஆள் குறைவு.

சரி, நாஷ்வில்லுக்குத் திரும்புவோம். ஜூன் மாதம் பிரேதப் பரிசோதனை அறிக்கை வெளியானது. மரணக் காரணம், நீரில் மூழ்கியதும் மது போதையும். வகை, விபத்து. ரத்தத்தில் மதுவின் அளவு 0.228. டென்னசியில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட எல்லை 0.08; கிட்டத்தட்ட மூன்று மடங்கு. "தெளிவாகப் பேசுகிறானே" என்று சாட்சி சொன்ன அத்தனை பேருக்கும் ஒரே எண்ணில் பதில். பாலத்தடி மனிதர்களுக்கும், நண்பர்களுக்கும், கார்டை எடுத்த பெண்களுக்கும் சேர்த்து விடுதலைப் பத்திரம். ஒரு மது, இரண்டு தண்ணீர் என்ற கவிதைக்கு மருத்துவர் எழுதிய உரை.

அதைப் படிக்கக் கூட்டம் அலைமோதியிருக்க வேண்டாமா?

கூட்டம் ஊரில் இல்லை. அதே ஜூன் 17 அன்று ஸ்பெயினின் தெனரீஃபே தீவில், இசை விழா முடிந்த மறுநாள் காலை, 19 வயது ஆங்கிலேயப் பையன் ஒருவன் மலைப்பாதையில் காணாமல் போயிருந்தான். சிலர் விமானமே பிடித்துப் போய் இறங்கி, பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று நேரலையைத் தொடங்கிவிட்டார்கள். போதைக் கும்பலாம். கடத்தலாம். எனக்கு மட்டும்தான் இது விநோதமாகப் படுகிறதா என்று ஒருவர் புருவத்தை உயர்த்திக்கொண்டிருந்தார். அவர் காலடியில் இருந்த பள்ளத்தாக்கை அவர் பார்க்கவே இல்லை.